ரவுண்ட் ஆஃப் கணக்கும் நாங்கள் இழந்த ஓராண்டும்

என் மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, முழுதாக்கல் என்ற ஒரே பாடத்துக்காக, அதாவது நாம் எல்லோரும் ரவுண்ட் ஆஃப் என்று சொல்கிறோமே அதற்காக, எங்கள் வீட்டில் ஏறத்தாழ 22,000 ரூபாய் செலவானது. மேட்டூரில் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்து சம்பாதிக்கும் எனக்கு அது சிறிய தொகை அன்று. பணத்தைக்கூட மறுபடி தைத்துச் சம்பாதித்துக்கொள்ளலாம்; ஆனால் அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதி மகளின் அழுகையிலும் என் அதட்டலிலும் போய்விட்டதே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். கணக்குப் பாடத்தில் இப்படியொரு சிக்கல் என்று யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நான் தனியாகவே திண்டாடினேன். அப்போது விவரம் தெரிந்த யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு விஷயங்களைச் சொல்லியிருந்தால் போதும், இவ்வளவு தூரம் போயிருக்காது. அதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பருவத் தேர்வின் விடைத்தாளில் முழுதாக்கல் கணக்குகள் எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. ஓரத்தில் கவனக்குறைவு என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் படித்தவுடன் எனக்குக் கோபம்தான் வந்தது. மற்ற பாடங்களில் நன்றாக எழுதுபவள் இதில் மட்டும் ஏன் கவனம் இல்லாமல் இருக்கிறாள் என்று கேட்டு அவளை அதிகமாகவே கடிந்துகொண்டேன். பிறகு, இரவு அவள் தூங்கியபின், அந்தத் தாளை எடுத்து நிதானமாகப் பார்த்தபோதுதான் அவை அவசரத்தில் எழுதிய விடைகளாகத் தெரியவில்லை. 4,328-ஐ நூறுக்கு முழுதாக்கச் சொன்னால் 4,200 என்று எழுதியிருந்தாள். 4,372-ஐ நூறுக்கு முழுதாக்கச் சொன்னால் 4,472 என்று எழுதியிருந்தாள். 347-ஐ நூறுக்கு முழுதாக்கி 400 என்றும், 2,996-ஐப் பத்துக்கு முழுதாக்கி 29,100 என்றும் இருந்தது. ஒவ்வொரு தவற்றுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கும்போல் தோன்றியதே தவிர, அந்தக் காரணம் என்னவென்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

இன்று எனக்குப் பிடிபடுகிறது, ஆகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 4,200 என்று எழுதும் குழந்தை, கீழே முழுதாக்கு என்ற சொல்லைக் கேட்டு நூறுகள் இடத்தில் உள்ள 3-லிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறது. கீழே என்றால் குறைக்க வேண்டும் என்று அது நினைப்பதில் வியப்பில்லை. அந்த இடத்து இலக்கம் அப்படியே இருக்க வேண்டும் என்பதை யாரும் அதற்குக் காட்டவில்லை. 4,472 என்று எழுதும் குழந்தைக்கு ஒன்றைக் கூட்டத் தெரிகிறது. ஆனால் விடை நூறின் மடங்காக இருக்க வேண்டும், வலப்பக்கத்து இடங்கள் சுழியாக வேண்டும் என்பது தெரியவில்லை. 347-ஐ 400 ஆக்கும் குழந்தை முதலில் அதைப் பத்துக்கு முழுதாக்கி 350 என்று வைத்துக்கொண்டு, அந்த 350-ஐ மறுபடி நூறுக்கு முழுதாக்கியிருக்கிறது. 29,100 என்று எழுதும் குழந்தையோ பத்துகள் இடத்து 9-உடன் ஒன்றைக் கூட்டி வந்த 10-ஐ அந்த இடத்திலேயே எழுதிவிட்டது. அதற்குத் தேவை இடமதிப்பும் மீதி எடுத்துச் செல்வதும்தான். நான்கும் நான்கு வேறு சிக்கல்கள், நான்குக்கும் வேறு வேறு மருந்து. எனவே தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பு உங்கள் குழந்தையின் தவறான விடைகளை ஒரு தாளில் தனியாக எழுதி, இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அமைதியான குரலில் கேளுங்கள். குழந்தை சொல்லும் விளக்கத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

நான் அப்போது செய்ததெல்லாம், பக்கத்துத் தெருவில் நல்ல பெயர் வாங்கியிருந்த ஒரு தனிப்பயிற்சி வகுப்பில் அவளைச் சேர்த்ததுதான். மாதம் 800 ரூபாய் வீதம் மொத்தம் 6,400 ரூபாய் கட்டினேன். அங்கே குழந்தைகளுக்கு ஐந்துக்கு மேலே ஏற்று, நான்குக்குக் கீழே இறக்கு என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். என் மகளும் அதைத் தூக்கத்தில்கூடச் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்தாள். ஆனால் எந்த இடத்து இலக்கத்தைப் பார்ப்பது, எந்த இடத்து இலக்கத்தை ஏற்றுவது, இறக்கு என்றால் என்ன செய்வது ஆகிய மூன்றையும் அந்தப் பாட்டு சொல்லவில்லை. அதனால் தவறுகள் குறையாமல் இன்னும் உறுதியாகிவிட்டன. முன்பெல்லாம் தயங்கித் தயங்கி 4,200 என்று எழுதியவள், இப்போது பாட்டைச் சொல்லிக்கொண்டே நம்பிக்கையோடு எழுதினாள். ஒரு நாள் நான் தவறு என்று சொன்னபோது, மிஸ் சொன்ன மாதிரிதானே செய்தேன் என்று நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதாள். அந்த அழுகை என்னை மிகவும் உலுக்கியது. விதியைப் பின்பற்றிய குழந்தையைத் தவறு செய்தவள் என்று எப்படிச் சொல்வது?

அடுத்து ஓர் இணையவழி வகுப்பின் விற்பனையாளர் வீட்டுக்கே வந்தார். கைபேசியில் விளையாட்டு வடிவில் கணக்கு, மதிப்பெண், பதக்கம் என்று எல்லாம் காட்டினார். 14,500 ரூபாயைத் தவணையாகக் கட்டலாம் என்றார். தவணை என்பது வேறொரு நிதி நிறுவனத்திடம் என் பெயரில் வாங்கும் கடன் என்பதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த விளையாட்டில் விடையை விரைவாகத் தொட்டால் கூடுதல் புள்ளி கிடைக்கும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும் என்பதால், எண்ணைப் பற்றி யோசிக்காமலேயே சுழியில் முடியும் விடையைத் தேர்ந்தெடுத்துப் புள்ளி வாங்க என் மகள் பழகிவிட்டாள். வகுப்பை நிறுத்த வேண்டும் என்று நான் கேட்டபோது, பணம் திரும்பப் பெறும் கெடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். வகுப்பை நிறுத்திய பிறகும் தவணை நிற்கவில்லை. இப்படிப்பட்ட வகுப்பில் சேரும் எண்ணம் இருந்தால், பணம் திரும்பக் கிடைக்கும் கெடு எத்தனை நாள், தவணை யாருக்குப் போகிறது என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். பயிற்சி நூல்கள் வாங்கிய 1,100 ரூபாயையும் சேர்த்தால் நான் முதலில் சொன்ன தொகை வந்துவிடும்.

திருப்பம் என் தையல் மேசையிலேயே கிடைத்தது. துணி அளக்கும் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தை மேசையில் நீளமாக விரித்து, 10, 20, 30 என்று ஒவ்வொரு பத்திலும் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினேன். ஓர் ஊசியை 43-இல் வைத்துவிட்டு, இது எந்த இரண்டு கிளிப்புக்கு நடுவில் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவில் என்றாள். எது பக்கம் கண்ணு என்று கேட்டதும் விரலால் இரண்டு பக்கமும் அளந்து பார்த்து, நாப்பதுதான் பக்கத்துல இருக்குது, மூணு கோடுதான், அம்பதுக்குப் போகணும்னா ஏழு கோடு தாண்டணும் என்றாள். பாட்டு வரவில்லை, மேலே கீழே என்ற சொற்கள் வரவில்லை. இத்தனை மாதமும் அவளுக்குக் கிடைக்காதிருந்தது இந்த இரண்டு கேள்விகள்தான்: எந்த இரண்டுக்கு நடுவில், எது பக்கம். முழுதாக்கல் என்பது முழுக்க முழுக்க இவ்வளவே. 4,328-ஐ எழுதி, இதன் இரண்டு பக்கத்து நூறுகளும் எவை என்று கேட்டபோது 4,300-உம் 4,400-உம் என்று சொன்ன குழந்தைக்கு, அதன்பின் 4,200 என்ற விடை வருவதற்கு வழியே இல்லாமல் போய்விட்டது. ஆகவே தொடக்கத்தில் சில நாட்கள் விடையே கேட்காமல், இரண்டு பக்கத்து எண்களை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். என் அனுபவத்தில் பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

45 வந்தபோது அவளே திகைத்தாள், இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து கோடு. ஐந்தைப் பற்றிய விதியைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான், அதற்கு முன்பு அன்று. சரிபாதியில் நிற்கும் எண்ணை எந்தப் பக்கமும் தள்ளலாம். எல்லோரும் ஒரே மாதிரி செய்வதற்காகப் பெரிய பக்கம் தள்ளுவது என்று பள்ளிக் கணக்கில் வழக்கம் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. 45-ஐக் கொஞ்சம் தாண்டினாலும், 45.2 என்றாலும்கூட, எண் 50-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எனவே 5-ஐப் பெரிய பக்கம் தள்ளும் வழக்கம் இருந்தால் அடுத்த ஓர் இலக்கத்தைப் பார்த்தாலே போதும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆராய வேண்டியதில்லை. இந்த வழக்கம் பாடநூலோடு நின்றுவிடவில்லை என்பதையும் அவளுக்குக் காட்டினேன். 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டம் 170-ஆம் பிரிவில், வரித்தொகையை ரூபாய்க்கு முழுதாக்கும்போது 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்க வேண்டும், குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும் என்று இருக்கிறது. வருமான வரிக் கணக்கிலும் மொத்த வருமானத்தைப் பத்து ரூபாய்க்கு முழுதாக்க வேண்டும். 4,86,744 ரூபாய் 4,86,740 ஆகும், 4,86,745 ரூபாய் 4,86,750 ஆகும். மளிகைக் கடை ரசீதின் அடியில் ரவுண்ட் ஆஃப் என்று தனி வரி இருந்தால் அதைக் குழந்தையிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பத்து நன்றாகப் பழகியபின் டேப்பை விட்டுவிட்டுத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டோம். கோட்டின் இரு முனைகளில் 300, 400, நடுவில் 350. 347-ஐ அவளையே குறிக்கச் சொன்னபோது 350-க்குச் சற்று முன்பாகக் குறித்து, 300-தான் பக்கம் என்றாள். முன்பு 400 என்று எழுதியதை நினைவூட்டினேன். அப்போது முதலில் 350 ஆக்கிவிட்டேன், எண்ணை நானே நகர்த்திவிட்டேன் என்று சொன்னாள். இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது. எந்த இடத்துக்கு முழுதாக்கச் சொன்னாலும் மூல எண்ணிலிருந்து ஒரே தடவையில்தான் போக வேண்டும், படிப்படியாகப் போகக் கூடாது. 9 வரும் எண்களுக்கும் கோடுதான் கைகொடுத்தது: 2,996-க்கு ஒரு பக்கம் 2,990 என்று எழுதிவிட்டு, அதிலிருந்து பத்து கூட்டி மறுபக்கம் 3,000 என்று எழுதியபின் 29,100 என்பதை எங்கே வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. பெரிய எண்களுக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டோம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. லட்சத்துக்கு முழுதாக்கினால் 7,21,00,000, கோடிக்கு முழுதாக்கினால் 7 கோடி. செய்தித்தாளில் 7.21 கோடி என்று எழுதுவது எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்கு அன்று புரிந்தது.

தசம எண்களுக்குப் போகும் முன்பு ஒரு சோதனை செய்துவிடுங்கள். 0.35, 0.7 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். 35 பெரியது என்பதால் 0.35 என்று குழந்தை சொன்னால், முழுதாக்கலை நிறுத்திவைத்துவிட்டு, புள்ளிக்குப் பிந்தைய இடங்களை முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். என் மகள் 0.35 என்றுதான் சொன்னாள். தனிப்பயிற்சியிலும் இணையவழி வகுப்பிலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதே எனக்கு ஆதங்கம். ரூபாய், பைசாவை வைத்து விளக்கிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது உதவவில்லை. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது என்றாகிவிட்டதால், இன்றைய குழந்தைகளுக்குப் பைசா கையில் புழங்கிய பொருளாக இல்லை. மேலும் 12.5 ரூபாய் என்பதைப் பன்னிரண்டு ரூபாய் ஐந்து பைசா என்று படிக்கும் பழக்கமும் வந்துவிடுகிறது.

நீளம் நன்றாக உதவியது. முதலில் பள்ளி ஸ்கேல்: 3.4 சென்டிமீட்டர் பென்சில் துண்டு 3-க்கும் 4-க்கும் நடுவில், 3-க்குப் பக்கம். அடுத்து அதே தையல் டேப். 137 சென்டிமீட்டரில் ஊசியை வைத்துப் பத்துக்கு முழுதாக்கச் சொன்னேன், 140 என்றாள். இதையே மீட்டரில் எழுது என்றேன், 1.37 என்று எழுதினாள். 130-ஐயும் 140-ஐயும் மீட்டரில் எழுது என்றதும் 1.3, 1.4 என்று எழுதிவிட்டுச் சற்று நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அம்மா, ஊசி நகரவே இல்லையே, அப்ப ரெண்டும் ஒரே கணக்குதானா என்று கேட்டாள். ஆம், இரண்டும் ஒரே கணக்குதான். முழு எண்ணைப் பத்துக்கு முழுதாக்கத் தெரிந்த குழந்தைக்கு, தசமத்தைப் பத்தில் ஒன்றாம் இடத்துக்கு முழுதாக்குவது புதிய பாடமாக இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் இரண்டையும் வேறு வேறு பருவங்களில் நடத்துவதால் குழந்தைக்கு இது தெரியாமலே போகிறது. வீட்டில் ஒரே அமர்வில் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

மேட்டூரில் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு வசதி கிடைத்தது. அணையின் நீர்மட்டம் நாள்தோறும் இரண்டு தசம இடங்களோடு செய்தியில் வரும். முழு அளவு 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது இங்குள்ள குழந்தைகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அன்றைய நீர்மட்டத்தை அடிக்கு முழுதாக்கி நாட்காட்டியில் எழுதுவது அவள் பொறுப்பு என்று வைத்தேன். ஒரு நாள் 109.46 அடி. ஒரு தசம இடத்துக்கு 109.5 என்று எழுதிவிட்டு, அடிக்கு 110 என்று எழுதப் போனவள் பென்சிலை நிறுத்தி, 347 மாதிரியே இருக்குது என்று சொல்லி, மூல எண்ணுக்குத் திரும்பிப் போய் 109 என்று எழுதினாள். நான் அருகில் ஒன்றும் பேசாமல் நின்றேன்; அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. உங்கள் ஊரில் அணை இல்லாவிட்டால் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி, 14.2 கிலோ என்று எழுதியிருக்கும் எரிவாயு உருளை, கடைத் தராசில் ஒளிரும் எண்கள் என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். நாள்தோறும் மாறும் எண்ணாக இருந்தால் சிறப்பு.

தசமத்தில் இன்னும் ஓர் இடத்தில் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள். 3.96-ஐ ஒரு தசம இடத்துக்கு முழுதாக்கினால் 4.0 என்று எழுத வேண்டும்; 4 என்று மட்டும் எழுதினால் பல ஆசிரியர்கள் மதிப்பெண் குறைக்கிறார்கள், குறைப்பதும் நியாயம். 4.0 என்றால் உண்மையான அளவு 3.95-க்கும் 4.05-க்கும் இடையில் இருக்கிறது என்று பொருள். வெறும் 4 என்றால் 3.5-லிருந்து 4.5 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இதைப் புரியவைக்க நகைக்கடை ரசீது ஒன்றை எடுத்தேன். எடை 3.960 கிராம் என்று மூன்று இடம் வரை அச்சாகியிருந்தது. கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3.96-ஐ 4 ஆக்கும்போது கூடிவிடும் 0.04 கிராமுக்கு 400 ரூபாய் ஆகிறது. எந்த இடத்தில் முழுதாக்கலாம், எங்கே கூடாது என்ற கேள்வி அவளுக்கு அப்போதுதான் முதல்முறையாக வந்தது. அதையொட்டியே வேறொன்றும் சொன்னேன்: 130 பேரைச் சுற்றுலா அழைத்துச் செல்ல 50 பேர் அமரும் பேருந்து எத்தனை வேண்டும் என்றால் 2.6 வருகிறது, 3 வேண்டும். 120 பேர் என்றால் 2.4 வருகிறது, அப்போதும் 3 வேண்டும். ஒரு மீட்டர் துணியில் ஒரு ரவிக்கை என்றால் 2.9 மீட்டரில் முழுதாக இரண்டுதான் தைக்க முடியும். வாழ்க்கைக் கணக்குகளில் எது பக்கம் என்ற கேள்விக்கு முன்பு எதற்காக என்ற கேள்வி வரும். ஆனால் எது பக்கம் என்பது உறுதிப்பட்ட பிறகு எதற்காக என்பதைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டும் குழம்பும்.

வீட்டில் மூத்த பிள்ளை பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவில் இருந்தால் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இயற்பியலில் முக்கிய இலக்கங்களுக்கு முழுதாக்கும்போது, நீக்கப்படும் இலக்கம் சரியாக 5 ஆக இருந்தால் முந்தைய இலக்கத்தை இரட்டைப்படையாக்கும் விதியைப் பின்பற்றுகிறார்கள், அதன்படி 2.735, 2.745 இரண்டுமே 2.74 ஆகும். எங்கள் உறவுக்காரப் பையன் நல்ல எண்ணத்தோடு இதைச் சொல்லிவைக்க, ஒரு வாரம் மகள் குழம்பிப்போனாள். சிறிய வகுப்புக்கு அது தேவையில்லை.

ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில் புதிய ஆசிரியையைச் சந்தித்து, இவள் விடைக்கு முன்பு ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டு இரண்டு பக்கத்து எண்களையும் எழுதிப் பார்ப்பாள், அதற்கு மதிப்பெண் குறையுமா என்று கேட்டேன். குறைக்க மாட்டேன் என்றதோடு, விடைத்தாளின் வலப்பக்கத்தில் செய்து பார்க்க இடம் விட்டுக்கொள்ளச் சொன்னார். அந்தப் பருவத்தில் முழுதாக்கல் கணக்குகள் எல்லாவற்றையும் சரியாக எழுதினாள். இப்போது பெரும்பாலான எண்களுக்குக் கோடு தேவைப்படுவதில்லை. 9 வரும் எண்களுக்கு மட்டும் போடுகிறாள், நானும் அதை நிறுத்தச் சொல்வதில்லை. உங்கள் குழந்தையின் ஆசிரியரிடமும் பருவத் தொடக்கத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். தேர்வு நெருங்கிய பிறகு கேட்பது இருவருக்கும் சங்கடம்.